அவன் நன்றி சொல்கிறான்

தாக் ஜே-ஹன் பந்து வீசும் மேட்டில் ஏறி நின்றதும் மைதானத்து ஒலிபெருக்கியில் பெரிய வெண்கல மணி ஒன்றை அடிப்பார்கள். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு குங்ஃபூ படத்தில் வருகிற மாதிரி ஒரு புல்லாங்குழல் வரும். அவன் கேட்டிருந்தது அதை அல்ல. பேஸ்பாலில் ஒவ்வொரு ஆட்டக்காரனும் தனக்குப் பிடித்த பாட்டைச் சொல்லலாம், அவன் இறங்கும்போது அதைப் போடுவார்கள். தாக் கேட்டது கொரியாவில் அவன் ஊரான பூசானின் லாரிக்காரர்கள் அலறவிட்டுக்கொண்டு போகும் ஒரு குத்துப்பாட்டு. நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். பல்லெல்லாம் தெரியச் சிரித்து வாங்கிக்கொண்டார்கள். முதல் ஆட்டத்தன்று டோங் என்று மணி விழுந்தது.

தாக் மேட்டிலிருந்து என் பக்கம் திரும்பி, உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டான். "யாருண்ணே செத்துட்டாங்க?"

நான் அவனுடைய மொழிபெயர்ப்பாளன். பெயர் மெங் சங்-ஊ. இங்கே யாருக்கும் அது வாயில் நுழையாததால் சாம். பிறந்தது லாஸ் ஏஞ்சலஸில், அப்பா நகரப் பேருந்து ஓட்டினார், வீட்டில் கொரியன் பேசினோம், அவ்வளவுதான் என் தகுதி. ஆள் குள்ளம், தொப்பை உண்டு, தலையில் முடி இல்லை. தாக் நிலைவாசலில் குனிந்து வருகிற உயரம், தலைமுடிக்கு ஆரஞ்சுச் சாயம். அப்படியிருந்தும் இந்த ஒஹாயோ ஊரான மார்லோவில் வாரம் தவறாமல் யாராவது என்னிடம் பந்தை நீட்டி, "தாக், ஒரு கையெழுத்து" என்பார்கள். ஆரம்பத்தில் மறுத்தேன். இப்போதெல்லாம் போட்டுக் கொடுத்துவிடுகிறேன். என் பெயரையே போடுகிறேன், ஒருவரும் கண்டுபிடித்ததில்லை.

தொலைக்காட்சி வர்ணனையாளருக்கு தாக்கைப் பற்றி மூன்று சொற்கள்தான் தெரியும். அமைதி, ஒழுக்கம், இயந்திரம். பந்துக்கும் பந்துக்கும் நடுவில் தாக்கின் உதடு முணுமுணுக்கும். "பாருங்கள், தியானம் செய்கிறார்" என்று அந்த மனிதர் குரலைத் தாழ்த்திச் சொல்வார். தாக் செய்வது தியானம் இல்லை. "வாடா பன்னி மூஞ்சி. அந்த மட்டையப் புடுங்கி உன் முட்டியிலயே போடுறேன் பாரு. உங்கப்பன் உன்னைப் பெத்ததுக்கு ஒரு கழுதையை வாங்கியிருக்கலாம்." இது சாதுவான நாளில். கொரியாவில் அவனோடு ஆடியவர்கள் எல்லோருக்கும் தெரியும், தாக் மாதிரித் திமிர் பிடித்தவன் அந்தக் கடற்கரையிலேயே கிடையாது. எனக்கு அவனைப் பிடித்துப்போனதே அந்தத் திமிருக்காகத்தான்.

ஆட்டம் முடிந்ததும் நிருபர்கள் வருவார்கள். தாக் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் சொல்வான். "இந்த முட்டாள்களை சீக்கிரம் அனுப்புண்ணே. பசிக்குது. இறைச்சி சுடற கடையை மூடிருவான்." நான் நிருபர்களிடம் சொல்வேன். "சக வீரர்களுக்கு நன்றி சொல்கிறார்." அவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு எழுதிக்கொள்வார்கள்.

வெளியே வந்ததும் தாக் கேட்பான். "இன்னைக்கு நான் என்னண்ணே சொன்னேன்?"

"நன்றி சொன்ன."

"நான் ரொம்ப நல்லவன்ல?"

"தங்கம்டா நீ."

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது தொப்பி விஷயம்.

கொரியாவில் பந்து தவறிப்போய் மட்டைக்காரன் மேல் பட்டுவிட்டால், வீசியவன் தொப்பியைக் கழற்றித் தலை குனிவான். பேருந்தில் ஒருவர் காலை மிதித்துவிட்டால் மன்னிப்புக் கேட்கிறோமே, அவ்வளவுதான் அது. யோசித்துச் செய்வதில்லை, பள்ளிக்கூடத்திலிருந்து பழகிய கை தானாகப் போகும். தாக் வந்த புதிதில் ஓர் ஆளின் தொடையில் பந்து பட்டது. தாக் தொப்பியைக் கழற்றினான், குனிந்தான். மைதானமே சிரித்தது. அந்தக் காட்சியைப் பின்னணியில் அதே மணியைச் சேர்த்து ஊரெல்லாம் அனுப்பினார்கள். இங்கே ஒருவனை அடித்துவிட்டால் முறைத்துக்கொண்டு நிற்க வேண்டுமாம். அதுதான் ஆண்மையாம்.

அதற்குப் பிறகு எதிரணிக்காரர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பேஸ்பாலில் மட்டைக்காரன் தரையில் பதித்த வெள்ளைத் தட்டுக்குப் பக்கத்தில் நிற்பான். பந்து வந்து எலும்பை உடைத்துவிடுமோ என்ற பயத்தில் தட்டை விட்டுக் கொஞ்சம் தள்ளித்தான் நிற்பான். அந்தப் பயம்தான் வீசுகிறவனுக்குப் பாதி பலம். தாக் வீசும்போது மட்டும் எல்லோரும் தட்டின் மேல் கவிழ்ந்து நின்றார்கள். இந்தச் சீனன் அடிக்கமாட்டான், பட்டாலும் மன்னிப்புக் கேட்பான் என்று பேச்சு பரவியிருந்தது. அவன் சீனன் இல்லை என்பது வேறு கதை. தூரத்துப் பந்தெல்லாம் அவர்களுக்கு எட்டியது. தாக்கின் பந்துகள் அடி வாங்கத் தொடங்கின.

"நல்ல கை இருக்கு. நெருப்பு இல்ல" என்றார் எங்கள் மேலாளர் லைல் ரேன்ஸ்டன். "உங்க ஆளுங்க எல்லாருமே அப்படித்தான், சாம். பயிற்சின்னா செத்துப்போற வரைக்கும் பண்ணுவாங்க. சண்டைன்னா காணாமப் போயிருவாங்க."

ஜூலை நடுவில் மேல் அணியில் ஒரு பந்து வீச்சாளனுக்குத் தோள் போனது. எங்கள் மாதிரிக் கீழ் அணியில் கிடப்பவர்கள் எல்லோரும் அந்த மாதிரித் தோளுக்குத்தான் காத்துக் கிடப்பார்கள். செவ்வாய்க்கிழமைக்கு ஓர் ஆள் வேண்டும். தாக், இல்லையென்றால் டெக்சாஸ்காரன் பிராடி. இரண்டு பேரில் ஒருவன். ஞாயிறு பகல் ஆட்டத்தைப் பார்க்க மேலிருந்து ஒருவர் வருவதாகவும், ரேன்ஸ்டன் கை காட்டுபவன்தான் போவான் என்றும் சொன்னார்கள். தாக் அன்று காலை முகத்தை மழித்துக்கொண்டு வந்தான். அவன் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

ஆட்டத்துக்கு முன்னால் ரேன்ஸ்டன் எங்களை அறைக்குக் கூப்பிட்டார். முந்தின நாள் எதிரணி எங்கள் ஆள் ஒருவனை முதுகில் பந்தால் அடித்திருந்தது. அதற்குப் பதில் கொடுக்க வேண்டும். அது இங்கே எழுதாத சட்டம்.

"கோல்டர் ஹாஸ் வருவான்ல, முதல் தடவை அவன் விலாவுல ஒண்ணு வைக்கச் சொல்லு" என்றார். "மேல இருந்து வந்த ஆளு பாக்கணும், இவனும் எங்கள்ல ஒருத்தன்னு. அடிச்ச பிறகு அந்தத் தொப்பியத் தொடக் கூடாது. குனியறது கினியறது எல்லாம் வீட்டுல வச்சுக்கச் சொல்லு."

நான் சொன்னேன். தாக் ரேன்ஸ்டனைப் பார்த்துக்கொண்டே கொரியனில் பதில் சொன்னான்.

"அண்ணே, ஒருத்தனை அடிக்கணும்னா எனக்குப் பந்து எதுக்கு? கை இருக்கு. வேணும்னு அடிச்சா சட்டப்படி அவன் முதல் தளத்துக்கு ஓசியில நடந்து போவான். ஹாஸ் மாதிரி ஒரு தடியனுக்கு ஓசித் தளம் குடுக்கவா நான் பூசான்லேர்ந்து வந்தேன்? நான் எறிஞ்சா அவன் அவுட் ஆகணும். இந்தக் கெழட்டு ஆமைக்கு அது புரியாது. வா போலாம்."

"என்ன சொல்றான்?" என்றார் ரேன்ஸ்டன்.

"முயற்சி செய்கிறாராம். வாய்ப்புக்கு நன்றி சொல்கிறார்."

மணி அடித்தது, புல்லாங்குழல் ஊதியது. முதல் இன்னிங்ஸிலேயே கோல்டர் ஹாஸ் மட்டையோடு வந்தான். ஆறு மாடு சேர்ந்த உடம்பு. வந்தவன் மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் கூப்பித் தாக்கைப் பார்த்துக் குனிந்தான். அவர்கள் பெஞ்சு குலுங்கிச் சிரித்தது. பிறகு இரண்டு விரலால் கண்ணோரத்தை இழுத்து, எங்கள் கண் மாதிரி இடுக்கிக் காட்டினான். நடுவர் அப்போது தன் ஷூவில் ஏதோ அவசர வேலையாக இருந்தார்.

தாக்கின் உதடு வேலை செய்யத் தொடங்கியது. வர்ணனையாளர் தியானம் என்று சொல்லியிருப்பார். மூன்று பந்து. மூன்றையும் ஹாஸ் காற்றில்தான் அடித்தான். திரும்பிப் போகும்போது இன்னொரு முறை குனிந்துவிட்டுப் போனான்.

ரேன்ஸ்டன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "நான் என்ன சொன்னேன்? இவன் என்ன பண்றான்?"

"அவுட் ஆக்கிட்டான்."

"அவுட் யாரு கேட்டா? அவன் மூஞ்சிக்கு நேரா கூத்தடிக்கிறான், இவன் மரம் மாதிரி நிக்கிறான். மேல இருந்து வந்த ஆளு பாத்துக்கிட்டிருக்காரு."

மேலிருந்து வந்தவர் வலைக்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அவர் பார்வை எங்கே இருந்தது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

ஐந்தாவது இன்னிங்ஸில் ஹாஸ் மறுபடி வந்தான். நாங்கள் ஒரு ஓட்டம் முன்னால் இருந்தோம், எதிரணியின் இரண்டு பேர் ஓட்டம் எடுக்கத் தயாராகத் தளங்களில் நின்றார்கள். ஒரு நல்ல அடி விழுந்தால் எல்லாம் போச்சு, செவ்வாய்க்கிழமையும் சேர்ந்து போச்சு. ஹாஸ் இந்தத் தடவை தட்டின் மேல் கூரை போட்டமாதிரி நின்றான். முழங்கை தட்டுக்கு மேலேயே இருந்தது. அப்படி நிற்கிறவனுக்கு உடம்பை ஒட்டி வீசினால்தான் வழி, எந்த நாட்டுப் பள்ளிக்கூடத்திலும் அதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். தாக் அதைத்தான் செய்தான். தட்டின் உள்விளிம்புக்குக் குறி வைத்து முழு வேகத்தில் விட்டான். வேறு எவன் வீசியிருந்தாலும் ஹாஸ் பின்னால் துள்ளியிருப்பான். வீசியது தாக் என்பதால் அவன் அசையவில்லை.

பந்து மட்டைப் பிடியில் இருந்த அவன் விரல்களில் விழுந்தது. அந்தச் சத்தம் எங்கள் பெஞ்சு வரைக்கும் கேட்டது. ஹாஸ் மண்டியிட்டு விழுந்தான். கையை வயிற்றில் அமுக்கிக்கொண்டு கத்தினான்.

தாக்கின் கை தொப்பிக்குப் போனது. கழற்றினான். இடுப்பு வரைக்கும் குனிந்தான், குனிந்தபடியே நின்றான். அந்த வருஷம் முழுக்க மேட்டில் அவன் உதடு அசையாமல் இருந்து நான் பார்த்தது அப்போதுதான். அது மனப்பூர்வமான மன்னிப்பு என்று அந்த மைதானத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்.

ஹாஸ் தலையை நிமிர்த்திப் பார்த்தான். முதல் இன்னிங்ஸில் தான் செய்து காட்டிய கூத்தை இவன் தனக்கே திருப்பிச் செய்கிறான் என்று நினைத்துவிட்டான்.

"என்னையாடா கும்புடுற, நாயே" என்று அலறிக்கொண்டு எழுந்து ஓடி வந்தான்.

தாக் நிமிர்ந்தபோது ஹாஸின் நல்ல கை அவன் தாடையில் விழுந்தது. தாக் தொப்பியைக் கீழே போட்டான். அவ்வளவு நேரம் அவன் வாயில் மட்டுமே இருந்ததெல்லாம் கைக்கு வந்தது. ஒரே குத்து. ஆறு மாடும் தரையில் கிடந்தது. பிறகு இரண்டு அணியும் மைதானத்தில் ஓடி ஒன்றின் மேல் ஒன்று விழுந்தது, நானும் ஓடினேன், யாரோ என் தொப்பையில் ஓர் உதை விட்டான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒளிப்பானேன்.

நடுவர் தாக்கை வெளியேற்றினார். காரணம் என்ன என்று போய்க் கேட்டேன். "கைகலப்பு ஒரு பக்கம். ஒருத்தன் கையை ஒடச்சுட்டு வணங்கிக் காட்டினான் பாரு, அது அசிங்கம். அந்த மாதிரி நக்கலை என் மைதானத்துல விடமாட்டேன்."

"ஹாஸ் வணங்கினப்ப?"

"நான் பாக்கல" என்றார்.

உடைமாற்றும் அறையில் எங்கள் ஆட்கள் தாக்கைத் தூக்கி ஆடினார்கள். அதுவரை அவன் பக்கத்து நாற்காலியில் உட்காராதவன் எல்லாம் அவன் தலையில் பீர் ஊற்றினான். "எப்படிடா தோணுச்சு உனக்கு? கையையும் ஒடச்சு, வணக்கமும் போட்டு. கல்நெஞ்சன்டா நீ." நடுவில் தாக் பீர் சொட்டச் சொட்ட நின்று என்னைப் பார்த்தான்.

"எதுக்குண்ணே சிரிக்கிறாங்க?"

சொன்னேன். அவன் முகம் சின்னதாகிப் போனது.

"நான் நிஜமாத்தாண்ணே மன்னிப்புக் கேட்டேன். விரலு. பந்து ஆடறவனுக்கு விரலு போனா என்ன இருக்கு? போய்ப் பாத்துட்டு வரலாமா?"

"நீ போனா மறுபடி சண்டை வரும். நான் போறேன்."

எதிரணி அறை வாசலில் ஒரு காவலாளி நின்றான். என்னை மேலும் கீழும் பார்த்தான். "இன்னும் கேலி பண்ணணுமா உனக்கு? ஓடிப் போயிரு, தாக்." தொப்பையும் மொட்டைத் தலையுமாக நான் திரும்பி வந்தேன். ஹாஸுக்கு இரண்டு விரல் முறிந்திருந்ததாக வானொலியில்தான் கேட்டோம்.

மறுநாள் காலை ரேன்ஸ்டன் கூப்பிட்டு அனுப்பினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. தாக் சட்டைப் பொத்தானைக் கழுத்து வரைக்கும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பெட்டிகூடக் கட்டி வைத்திருந்தான்.

"எனக்குப் பிடிச்சிருந்தது, சொல்லு அவன்கிட்ட" என்றார் ரேன்ஸ்டன். "இப்படி ஒரு நெருப்பை எங்கடா ஒளிச்சு வச்சிருந்தன்னு கேளு. ஆனா மேல கொஞ்சம் யோசிக்கிறாங்க. உங்க ஊர்க்காரங்கன்னா அடக்கமா இருப்பாங்க, சொன்னதைச் செய்வாங்கன்னுதான் எடுத்தாங்க. ஒருத்தன் கையை ஒடச்சு, அதுக்கு மேல கும்புட்டு நக்கல் பண்ற ஆளை மேல வச்சுக்க முடியாதுங்கிறாங்க. பிராடி போறான்."

பிராடி என்ற பெயரைக் கேட்டதும் தாக் பார்வையைச் சன்னலுக்குத் திருப்பினான். அந்தப் பெயருக்கு அவனுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

நான் சொன்னேன். "மே மாசம் பிராடி ஒருத்தன் தாடையை ஒடச்சான். அவன் விழுந்து கிடக்கறப்ப பக்கத்துல போய்த் துப்பினான்."

"பிராடி வேற. அவன் சூடான பய, எல்லாருக்கும் தெரியும். போட்டின்னு வந்தா அப்படித்தான் இருப்பான். இவன்கிட்ட யாரும் அதை எதிர்பாக்கலல்ல? நீ எடுத்துச் சொல்லு, சாம். தலையைக் குனிஞ்சு, வாயைத் திறக்காம, உழைச்சுக்கிட்டே இருக்கட்டும். அதுதானே உங்களுக்கு நல்லா வரும். அடுத்த வருஷம் பாக்கலாம்."

வழக்கமாக இந்த இடத்தில் நான் கூர்மையை மழுக்கித்தான் கொடுப்பேன். அன்று மழுக்கவில்லை. வந்தது வந்தபடி, அந்த ‘உங்களுக்கு’ உட்பட, தாக்குக்குக் கொரியனில் சொன்னேன். அவன் சன்னலைப் பார்த்தபடியே, குரல் உயராமல், முகம் மாறாமல் பேசினான்.

"குனிஞ்சா கோழைன்னான். அதே மாதிரி குனிஞ்சேன், இப்ப திமிருங்கிறான். திட்டுறேன், தியானம்கிறான். இவனுங்க என்னைக்கும் என்னைப் பாக்கவே இல்லண்ணே. கெழட்டு ஆமை. இவன் வாயில மண்ணு விழ."

ரேன்ஸ்டன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "நல்லவிதமா எடுத்துக்கிட்டான் போல. நன்றி சொல்றானா?"

"இல்ல" என்றேன்.

ஒவ்வொரு சொல்லாக மொழிபெயர்த்தேன். ஆமையையும் மண்ணையும் விடவில்லை. முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. அந்த மணியைப் பற்றிச் சொன்னேன். அதை அடிக்கிறவன் தலையில் அதைக் கவிழ்க்க வேண்டும் என்று சொன்னேன். ஹாஸின் விரலை உடைத்தது தாக்கின் பந்து இல்லை, இவன் அடிக்கமாட்டான் என்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து பரப்பிய பேச்சு என்று சொன்னேன். கண்ணை இழுத்துக் காட்டியவனைப் பார்க்காத நடுவருக்கும், பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்த உங்களுக்கும் கண் எதற்கு என்று கேட்டேன்.

ரேன்ஸ்டனின் கழுத்து சிவந்து வந்தது. "அவன் இவ்வளவு நேரம் பேசலயே."

"மண்ணு விழறதோட அவன் முடிச்சுட்டான். மிச்சம் நான்."

வெளி நடையில் தாக் கேட்டான். "இன்னைக்கு நான் என்னண்ணே சொன்னேன்?"

"நீ சொன்னதைத்தான் சொன்ன."

அவன் நின்றுவிட்டான். "அப்ப உன் வேலை?"

"போச்சு."

அவன் சிரிக்கவில்லை. என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வண்டி நிற்கிற இடம் வரைக்கும் வந்தான். அவன் கட்டி வைத்த பெட்டியைப் பிரிக்க நான்தான் உதவினேன்.

சண்டைக்காகப் போட்ட தடைக்காலம் முடிந்து தாக் மறுபடி மேட்டில் ஏறியதை நான் லாஸ் ஏஞ்சலஸில், அப்பாவின் சோபாவில் உட்கார்ந்து பார்த்தேன். அதே மணி. அதே புல்லாங்குழல். மட்டைக்காரர்கள் இப்போது தட்டை விட்டு ஓரடி தள்ளி நின்றார்கள். ஒருவனாலும் அவனைத் தொட முடியவில்லை. அமைதிக்குத் திரும்பிவிட்டார் என்றார் வர்ணனையாளர், மீண்டும் அந்தப் பழைய ஒழுக்கம் என்றார். மேல் அணியில் பிராடி இரண்டு ஆட்டம் தோற்றிருந்தான், இன்னும் அங்கேயே இருந்தான்.

கடைசி ஆளையும் வெளியேற்றிவிட்டு தாக் நேராகக் கேமராவைப் பார்த்தான். பக்கத்தில் மொழிபெயர்க்க யாரும் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று தெரிந்து, நிதானமாக, எழுத்துக் கூட்டுகிற மாதிரி உதட்டை அசைத்தான். மார்லோவை, மணியை, ரேன்ஸ்டனை, மேலே இருப்பவர்களை, அவர்களுடைய வம்சத்தை, ஒன்று விடாமல். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"நெகிழ்ச்சியான தருணம்" என்றார் வர்ணனையாளர். "ரசிகர்களுக்கு நன்றி சொல்கிறார் என்று நினைக்கிறேன்."